இருப்பதை இல்லை என்ற கம்ப்யூட்டர்

கோயம்புத்தூர் கம்பெனி ஒன்றில் ஞானவடிவேல் என்று ஒரு மேனேஜர். அவர் எழுதிய புரோகிராமில் தப்பு என்று யாராவது சொன்னால், கம்ப்யூட்டரை மாற்றச் சொல்லுவார். அன்றைக்குப் புது லினக்ஸ் மெஷினில் அவருடைய சி புரோகிராம் ஒழுங்காகக் கம்பைல் ஆனது; ஓட்டினால் மட்டும், அதற்குத் துணையாக வேண்டிய ஃபைலான ‘லைப்ரரி இல்லை’ என்றது. புரோகிராமை வாங்க வந்த மில்காரர்களோ வாசலில்.

“லினக்ஸ் தெரிஞ்ச ஆளே எங்கிட்ட இல்லீங்க” என்று முதலாளியிடம் போனில் புலம்பினார்.

கடைசி நாற்காலியிலிருந்து பூங்கோதை எழுந்தாள். வேலைக்குச் சேர்ந்து ஒரு மாசம். அவளை யாரும் எதுவும் கேட்டதில்லை. “நான் பாக்கட்டுங்களா சார்?”

“என் புரோகிராம்ல ஒரு எழுத்தைத் தொடக்கூடாது. ஃபைல் எதையும் நகர்த்தக்கூடாது.”

“தேவையில்லீங்க சார்.” ஒரே கட்டளை அடித்தாள். புரோகிராம் ஓடியது.

“லைப்ரரி எங்க இருந்துச்சு?”

“இங்கயேதான் சார். இன்ஸ்டால் பண்ணினதும் ‘எல்டி-கான்ஃபிக்’ போட்டு, அது வந்திருக்குன்னு சிஸ்டத்துக்குச் சொல்லணும். யாரும் சொல்லல.”

“அதுக்காக உள்ள இருக்கறதையே இல்லைன்னு சொல்லுமா?”

“நீங்களும் இப்ப போன்ல அப்படித்தானுங்களே சார் சொன்னீங்க?”

ஞானவடிவேலின் முகம் சுருங்கியது. பிறகு மெல்லச் சிரித்துவிட்டார். “உம் பேரென்னம்மா?”

“பூங்கோதைங்க.”

மறுபடி போனை எடுத்தார். “ஆள் இருக்காங்க. பூங்கோதைன்னு பேரு. இங்கயேதான் இருந்திருக்காங்க. நான்தான் சொல்லல.”