பதினெட்டும் முந்நூறும்

ஜெசிந்தா டீச்சரிடம் கேமரா கற்றுக்கொள்ள வந்தவர்களில் தங்கப்பழம் அண்ணாச்சிதான் வயதில் மூத்தவர். டீச்சரைவிடவே இருபது வயது பெரியவர். தூத்துக்குடியில் பாத்திரக் கடை வைத்திருந்தார்.

சந்தேகப்படுவதில் அவரை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. ஹோட்டலில் கூட்டம் இல்லாவிட்டால் ஏன் இல்லை என்பார். கூட்டம் இருந்தால் ஏன் இவ்வளவு கூட்டம் என்பார். கடைசியில் வீட்டுக்கே வந்து சாப்பிடுவார்.

உப்பளத்தில் இறங்குகிற பூநாரைகளைப் படம் எடுக்கப்போவதாகச் சொல்லித்தான் வகுப்பில் சேர்ந்தார். கொஞ்ச நாள் கழித்து, மற்றவர்கள் கிளம்பிய பிறகு டீச்சரிடம் கேட்டார்.

"டீச்சர், எனக்கு ஒரே லென்ஸ் போதும். கிட்ட இருக்கதும் வரணும், தூரத்துல இருக்கதும் வரணும். மாத்தி மாத்தி மாட்டிக்கிட்டு நிக்க முடியாது. எத வாங்க?"

டீச்சர் ஒரு லென்ஸின் பெயரைச் சொன்னார்.

"அத ஏன் சொல்லுதீங்க?"

"நீங்க கேட்டீங்க, சொன்னேன்."

"எந்தக் கடையில வாங்கணும்?"

"எந்தக் கடையிலயும் வாங்கலாம், அண்ணாச்சி."

இந்தப் பதிலும் அவருக்குச் சரியாகப் படவில்லை. கடையின் பெயரைச் சொல்லியிருந்தால் டீச்சருக்குக் கமிஷன் என்று நினைத்திருப்பார். சொல்லாததால் கமிஷன் பெரிதாக இருக்குமோ என்று நினைத்தார்.

டீச்சர் அலமாரியைத் திறந்து தன்னுடைய லென்ஸையே எடுத்துக் கொடுத்தார்.

"அடுத்த ஞாயித்துக்கிழமை வரைக்கும் வச்சு எடுத்துப் பாருங்க. பிடிச்சா இதே மாதிரி வாங்குங்க."

அண்ணாச்சி லென்ஸை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து உள்ளே பூஞ்சை படர்ந்திருக்கிறதா என்று பார்த்தார். முகர்ந்தும் பார்த்தார். வளையத்தின் ஒரு முனையில் பதினெட்டு என்றும் மறு முனையில் முந்நூறு என்றும் எழுதியிருந்தது. பதினெட்டில் வைத்தால் கண் முன்னால் இருப்பதெல்லாம் அகலமாக வரும். முந்நூறுக்குத் திருப்பினால் எங்கோ இருப்பது பக்கத்தில் வரும்.

"சும்மாவா குடுக்கீங்க?"

"சும்மாதான்."

"ஏன்?"

டீச்சர் அலமாரியைப் பூட்டினார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அண்ணாச்சி வகுப்பு தொடங்குவதற்கு வெகுநேரம் முன்பே வந்துவிட்டார். முகம் வாடிப்போயிருந்தது. கேமராவை டீச்சர் கையில் கொடுத்து, "கடைசிப் படத்தப் பாருங்க" என்றார்.

டீச்சர் முதல் படத்திலிருந்து பார்த்தார். ஒரு பூநாரை. இன்னொரு பூநாரை. அதற்குப் பிறகு பறவையே இல்லை. நீலச் சட்டை போட்ட ஓர் இளைஞன் டீக்கடையில் நின்றான். பைக்கில் ஏறினான். போன் பேசினான். கடைசிப் படத்தில் கடற்கரையில் நின்று சிரித்தான். அவன் தோளோடு தோளாக மஞ்சள் சுடிதாரில் ஒரு பெண்.

"யாரு இது?"

"எம் மருமவன். மருமவனா வரப்போற பய. ஆவணியில கல்யாணம்."

"பூநாரைன்னு சொன்னீங்க."

"அதையும்தான் எடுத்திருக்கேன்லா!"

அண்ணாச்சியே தொடர்ந்தார்.

"நிச்சயத்தன்னைக்கு இந்தப் பய சுயம்புக்கு போன் வந்துக்கிட்டே இருந்துது, டீச்சர். எடுக்கவே இல்ல. ஏன் எடுக்கல? அன்னையிலருந்து எனக்கு உறக்கம் கிடையாது. இப்பம் பாருங்க, கையும் களவுமா மாட்டிக்கிட்டான். நான் எளநி வண்டிக்குப் பின்னால நின்னு எடுத்தேன்."

"உங்க மக சுபிதாவுக்குத் தெரியுமா?"

"அவகிட்ட என்னத்தச் சொல்ல? அவ கல்யாணப் பத்திரிகைக்குக் கலர் பாத்துக்கிட்டு இருக்கா." அண்ணாச்சியின் குரல் இறங்கியது. "எனக்கு ஒரே பிள்ள, டீச்சர். அவ அழுது நான் பாத்துர முடியாது."

டீச்சருக்கு அவர்மேல் இரக்கமாகவும் இருந்தது, கோபமாகவும் இருந்தது.

"மாப்பிள்ளைகிட்ட பேசியிருக்கீங்களா?"

"நிச்சயத்துல கை குடுத்தேன்."

"அவ்வளவுதானா?"

"வேற என்ன பேச? இந்தப் படத்தப் பெருசா பிரிண்ட் போட்டுத் தாங்க. சாயங்காலம் அவங்க வீட்டுல கொண்டுபோய் வைக்கேன். கல்யாணம் நின்னா நிக்கட்டும். இன்னொண்ணு, அந்தப் பிள்ள முகம் தெளிவா விழல. இதவிடத் தூரமா இழுக்கிற லென்ஸ் எது?"

டீச்சர் கேமராவைக் கழுத்தில் மாட்டிக்கொண்டார்.

"வாங்க. முதல்ல இந்த லென்ஸ் சரியா இருக்கான்னு பாப்போம்."

"உங்க லென்ஸ்தான? உங்களுக்கே சந்தேகமா?" என்று கேட்டார் அண்ணாச்சி. கேட்கும்போது அவருக்குக் கொஞ்சம் திருப்தியாகக்கூட இருந்தது.

கடற்கரையில் வெயில் ஏறியிருந்தது. கரையில் ஏற்றிப் போட்டிருந்த ஒரு மீன்பிடி வள்ளத்தைக் காட்டி, அதன் பக்கத்தில் போய் நிற்கச் சொன்னார் டீச்சர். அண்ணாச்சி போய் நின்றார். டீச்சர் எதிர்ப்பக்கமாக நடந்து, நடந்து, ரோட்டோரம் வரைக்கும் போய்விட்டார்.

எதற்கு இவ்வளவு தூரம் போகிறார் என்று அண்ணாச்சி யோசித்தார். இடது பக்கம் பார்த்தார், வலது பக்கம் பார்த்தார். கூப்பிடு தூரத்தில்கூட ஆள் இல்லை. வேட்டியைச் சரிசெய்துகொண்டு விறைப்பாக நின்றார்.

டீச்சர் திரும்பி வந்து கேமராவின் பின்பக்கத்தைக் காட்டினார்.

படத்தில் அண்ணாச்சி நின்றார். அவர் தோளை உரசிக்கொண்டு பச்சைச் சேலையில் ஒரு பெண் நின்றாள். அவரைப் பார்த்து வாய்விட்டுச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"யாரு அண்ணாச்சி இது?"

"ஆத்தீ!" அண்ணாச்சிக்குக் குப்பென்று வியர்த்தது. "எனக்குத் தெரியாது டீச்சர். இங்க யாருமே இல்ல."

"படத்துல இருக்காங்களே."

"சத்தியமா இல்ல. நான் ரெண்டு பக்கமும் பாத்தேன்லா!"

"சரி. ரெண்டு படத்தையும் பெருசா பிரிண்ட் போடுதேன். மாப்பிள்ள படத்த நீங்க அவங்க வீட்டுக்குக் கொண்டு போங்க. இத நான் உங்க வீட்டுல அக்காகிட்ட கொண்டு போறேன்."

"ஐயோ, வேண்டாம். அவ நம்பிருவா."

"ஏன் நம்பணும்? அக்காவுக்கு உங்களத் தெரியாதா?"

"இத்தன வருசமா எங்கூட இருக்காள்லா. என் குணம் அவளுக்கும் ஒட்டிக்கிட்டு."

அப்போதுதான் அண்ணாச்சிக்குப் பின்னால் திரும்பிப் பார்க்கத் தோன்றியது. மணலில் வெகுதூரம் தள்ளி, வேறொரு வள்ளத்தின் பக்கத்தில், பச்சைச் சேலை கட்டிய ஒரு பெண் நெத்திலி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். போனைக் காதுக்கும் தோளுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு யாரிடமோ பேசிச் சிரித்தாள். தங்கப்பழம் என்று ஒருவர் உலகத்தில் இருப்பதே அவளுக்குத் தெரியாது.

டீச்சர் முந்நூறில் இருந்த வளையத்தைப் பதினெட்டுக்குத் திருப்பினார். அண்ணாச்சியின் எதிரில் நெருங்கி நின்று இன்னொரு படம் எடுத்துக் காட்டினார். அதில் அண்ணாச்சி பெரிதாக இருந்தார். அவருக்குப் பின்னால் மணல் விரிந்து கிடந்தது. அந்தப் பெண் ஒரு பச்சைப் புள்ளி.

அண்ணாச்சி இரண்டு படங்களையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். நெடுநேரம் பார்த்தார்.

"அப்போ சுயம்புவும் தனியாத்தான் நின்னானா?"

"எனக்குத் தெரியாது."

"அந்த மஞ்சச் சுடிதாரு யாரோ என்னமோவா?"

"அதுவும் தெரியாது. அவங்க உண்மையிலயே அவர் பக்கத்துல நின்னிருக்கலாம். தூரத்துல நின்னிருக்கலாம். முந்நூறுல வச்சா ரெண்டும் ஒட்டி நிக்க மாதிரிதான் தெரியும்."

"என்ன டீச்சர், ரெண்டு பக்கமும் பேசுதீங்க!"

அண்ணாச்சி வள்ளத்தின் விளிம்பில் உட்கார்ந்தார். கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். சந்தேகம் இருந்தபோது உறக்கம்தான் போயிருந்தது. இப்போது அந்தச் சந்தேகத்தின்மேலேயே சந்தேகம் வந்துவிட்டது. அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று அவருக்குத் தெரியவில்லை.

"சரி, அது கெடக்கட்டும். எந்த லென்ஸ் வாங்க? அதச் சொல்லுங்க."

"இதே லென்ஸ்தான்."

"பழசை என் தலையில கட்டப் பாக்கீங்களா?"

டீச்சர் முதல்முறையாகச் சிரித்தார்.

"கிட்டயும் தூரமும் எடுக்கிற லென்ஸ்னுதான கேட்டீங்க, அண்ணாச்சி? நீங்க எடுத்த எல்லாப் படத்தையும் பாத்தேன். எல்லாமே முந்நூறு. பதினெட்டுல ஒண்ணுகூட இல்ல."

அண்ணாச்சி தலையைக் குனிந்துகொண்டார்.

டீச்சர் கேமராவை அவர் கையில் கொடுத்தார். வளையம் பதினெட்டிலேயே இருந்தது.

"இதுல வச்சு, மாப்பிள்ள முகம் படம் நிறைய வரணும்னா நீங்க எங்க நிக்கணும்?"

அண்ணாச்சி கேமராவைக் கண்ணில் வைத்து டீச்சரைப் பார்த்தார். ஓர் எட்டு வைத்தார். போதவில்லை. இன்னும் ஓர் எட்டு வைத்தார்.

"கைக்கு எட்டுற தூரத்துல."

"சாயங்காலம் அவங்க வீட்டுக்குப் போறேன்னு சொன்னீங்கல்லா? போங்க. அப்படி ஒரு படம் எடுத்துட்டு வாங்க. பிரிண்ட் அப்புறம் போடலாம்."

அண்ணாச்சி கேமராவைக் கண்ணிலிருந்து எடுத்தார்.

"அவ்வளவு கிட்டப் போனா அவன் எப்படிப்பட்டவன்னு தெரிஞ்சிருமா, டீச்சர்?"

"தெரியும்னு நான் சொல்லமாட்டேன். ஆனா அவ்வளவு கிட்டப் போனா, அவரும் உங்களப் பாப்பாரு."