அண்ணாச்சி வேண்டாமென்ற குருவி

பாளையங்கோட்டையில் எஸ்தர் என்றொரு பெண். விளம்பர நிறுவனத்தில் பார்த்த வேலையை உதறிவிட்டு, வீட்டு மாடியில் ஒரு கம்ப்யூட்டரை வைத்துக்கொண்டு, கடைகளுக்குச் சின்னமும் பெயர்ப்பலகையும் வடிவமைத்துக் கொடுத்துவந்தாள். கெட்டிக்காரி. வாய்தான் கொஞ்சம் அவசரம். இதை மறந்துவிடாமல் மேலே கேளுங்கள்.

அவளைத் தேடி வந்த முதல் பெரிய ஆள், வீடு கட்டித் தரும் காண்ட்ராக்டர் சங்கரலிங்க அண்ணாச்சி. அவர் ஒரு நல்ல வார்த்தை சொன்னால் ஊரிலுள்ள காண்ட்ராக்டர்கள் அத்தனை பேரும் அவளிடம் வருவார்கள். முகம் சுளித்தாரோ, ஒருவரும் எட்டிப் பார்க்க மாட்டார்கள். பேச்சுவாக்கில் அவர், தம் மனையில் நின்ற பனையில் தூக்கணாங்குருவி கட்டிய கூடு புயலுக்குக்கூட அசையவில்லை என்றார். எஸ்தருக்குப் பொறி தட்டியது. பாதி பின்னிய கூட்டில் தொங்கியபடி அலகால் நாரை இழுக்கும் குருவியொன்றை வரைந்து காட்டினாள்.

"எம்மா, நான் வீடு கட்டுதவன். எனக்குக் குருவி எதுக்கு? இது வேண்டாம், தூக்கிப் போடு. வேற காட்டு."

காட்டினாள். தூண், சாவி, செங்கல் என்று என்னென்னவோ போட்டுப் பார்த்தாள். அண்ணாச்சிக்கு எதிலும் மனசு நிற்கவில்லை. "இன்னொண்ணு பாப்பமே" என்பார். அவளும் சளைக்காமல் வரைந்துகொண்டிருந்தாள்.

இதற்கிடையில், தையற்கடை திறக்கவிருந்த மெஹருன்னிசா வந்தாள். திரையில் கிடந்த குருவியைக் கண்டதும் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டாள்.

"யக்கா, நாரைக் கோத்து இழுக்குறதைப் பாருங்க, அப்படியே நான் தைக்குற மாதிரி இருக்கு! இது யாருக்காவது போட்டதா?"

"ஒருத்தருக்குப் போட்டேன். வேண்டாம்னுட்டாரு. இப்ப யாருக்கும் இல்லை, நீ எடுத்துக்கோ."

மெஹருன்னிசா பலகை செய்து மாட்டிவிட்டாள். சொந்தபந்தம் முழுக்கப் படத்தை அனுப்பி, இதுதான் என் கடை என்று பெருமையடித்துக்கொண்டாள்.

மறுவாரம் அண்ணாச்சி வந்தார். முகமெல்லாம் சிரிப்பு.

"எம்மா, எல்லாத்தையும் வீட்டுல காட்டினேன். நீ முதல்ல போட்டியே, அந்தக் குருவிதான் நல்லா இருக்கு. அதையே முடிச்சிரு."

எத்தனை வரைந்து காட்டினாலும் கடைசியில் முதல் படத்துக்கே திரும்பி வருவது வழக்கம்தான்; இந்தத் தொழிலில் இருப்பவர்கள் இதைக் கேட்டால் தலையில் அடித்துக்கொண்டு சிரிப்பார்கள். எஸ்தருக்கோ சிரிப்பு வரவில்லை. நடந்ததை மறைக்காமல் சொன்னாள்.

அண்ணாச்சி கொதித்துப் போனார். "கூட்டுக் கதை என் வாயிலருந்து வந்தது. என் வேலையும் இன்னும் முடியலை. நீ எப்படி வேற ஆளுக்குக் கொடுக்கலாம்?"

விஷயம் காதுக்கு எட்டி மெஹருன்னிசாவும் ஓடிவந்தாள். "கேட்டுட்டுத்தானேக்கா எடுத்தேன்? இப்பப் பலகையை இறக்குனா ஊரு சிரிக்காதா?"

இரண்டு பேர் பேச்சிலும் நியாயம் இருக்கத்தான் செய்கிறது. அண்ணாச்சியைப் பகைத்துக்கொண்டால் எஸ்தரின் பிழைப்பு ஆட்டம் காணும். நீங்களே சொல்லுங்கள்: குருவி யாருக்குச் சேர வேண்டும்? எஸ்தர் சறுக்கியது எந்த இடத்தில்?

விடை: குருவி மெஹருன்னிசாவுக்கே. கூட்டுக் கதை அண்ணாச்சியுடையதுதான், ஆனால் படத்தைத் தூக்கிப் போடச் சொன்னவரும் அவரேதான். மெஹருன்னிசா கேட்டு, பதில் வாங்கி, நம்பி எடுத்தவள். அண்ணாச்சி வழக்காடலாம், எஸ்தரோடு மட்டும். அவர் வேலை முடியாதபோதே "யாருக்கும் இல்லை" என்றாளே, அங்கேதான் சறுக்கினாள். அவரை ஒரு வார்த்தை கேட்டிருக்க வேண்டும். "தப்பு என் மேலதான் அண்ணாச்சி. ஆனா கொடுத்ததைத் திருப்பி வாங்க மாட்டேன். உங்களுக்கு வேற நல்லதா வரைஞ்சு தாரேன்" என்றாள் எஸ்தர், அவர் முகத்துக்கு நேரே. அவர் விறுவிறுவென்று படியிறங்கிப் போய்விட்டார். சில நாள் கழித்து இன்னொரு காண்ட்ராக்டர் வந்தார். யார் அனுப்பினார்கள் என்று கேட்டாள். "சங்கரலிங்கம்தான். அந்தப் புள்ள ஒருத்தருக்குக் கொடுத்ததைப் புடுங்கி இன்னொருத்தருக்குக் கொடுக்காது, நம்பிப் போன்னாரு."