பழசில்லாத வரலாறு

வைரவசுந்தரம் துணைவேந்தராகி மூன்று வருஷம் ஆகிறது. இன்றைக்கும் அவர் வாசலில் செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்டாலே பேராசிரியர்கள் எழுந்து நின்றுவிடுவார்கள். அப்படிப்பட்டவர், பாடத்திட்டக் குழுக் கூட்டத்தில் மேசையைத் தட்டினார்.

“எல்லாம் புதுசாகணும்! வரலாற்றுப் பாடத்துல போன வருஷத்துக்கு முந்தினது ஒண்ணும் இருக்கக் கூடாது. தத்துவத்துல விடை தெரியாத கேள்வி ஒண்ணும் இருக்கக் கூடாது. நாலு மணிக்குள்ள புதுப் பாடத்திட்டம் தாள்ல அடிச்சு வரலைன்னா ரெண்டு துறையையும் இழுத்து மூடிடுவேன்!”

பேராசிரியர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். அந்த ரெண்டு துறைக்கும் தட்டச்சு செய்யும் தினக்கூலிக்காரி மரியபுஷ்பம்தான் எழுந்தாள். துறை போனால் அவள் வேலையும் போச்சே!

“நான் அடிச்சுத் தரேங்கய்யா.”

நாலு மணிக்கு ஒரே ஒரு தாளை நீட்டினாள். துணைவேந்தர் பேனாவைத் திறந்துகொண்டு கையெழுத்துப் போடும் இடத்தைத் தேடினார். தாளைப் புரட்டினார். வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தும் பார்த்தார்.

“என் பேரு எங்கம்மா?”

“நீங்க வந்து மூணு வருஷமாச்சுங்களே. பழசுன்னு எடுத்துட்டேன்.”

“எடுத்துட்டியா? அப்ப இந்த நாற்காலியில உட்கார்ந்திருக்கிற நான் யாரு?”

“நல்ல கேள்விங்கய்யா. தத்துவக்காரங்களும் காலங்காலமா அதைத்தான் கேட்டுக்கிட்டிருக்காங்க. இன்னும் விடை தெரியலையாம். அதனால அதையும் எடுத்துட்டேன்.”

ஒரு பேராசிரியர் கைக்குட்டையை வாயில் வைத்து அடைத்துக்கொண்டார். துணைவேந்தர் நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

“எடுத்ததை எல்லாம் திரும்பப் போடும்மா,” என்றார். “முதல்ல என் பேரைப் போடு.”