ஒத்துப்போன படம்

நிலவியலாளர் ஜெரால்டு துளையிடச் சொன்ன இரண்டு கிணறுகளிலும் எரிவாயு வரவில்லை, உப்புத் தண்ணீர்தான் வந்தது. அதற்குப் பிறகு கேன்டீனில் அவர் உட்காரும் மேசைக்கு யாரும் தட்டோடு வருவதில்லை. தோல்வி ஒட்டுவாரொட்டி என்று நினைத்தார்களோ என்னவோ. மூன்றாவது இடத்தை மறுநாள் அவர் சொல்லியாக வேண்டும். அதுவும் பொய்த்தால் வேலை போய்விடும்.

தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று நிற்பவர் அவர். இருந்தும், தன்னைவிட இளையவரான, கம்ப்யூட்டர் கணக்கில் தேர்ந்த சக ஊழியர் மங்கையர்க்கரசியிடம் பாடம் கேட்க வந்தார். அன்று மத்தியானம் மூன்றாவது இடத்தின் நிலத்தடிப் படத்தைத் திரையில் காட்டினார்.

“மண்ணுக்குள்ள அலை அனுப்பி எதிரொலி வாங்கினோம்ல, மேடம். அடுக்குகளோட வடிவத்தைப் பாத்து, பழைய ஆறு மணலைக் கொட்டின இடம் இதுதான்னு கோடு போட்டேன். அப்புறம் அதே எதிரொலியை வச்சு, உள்ள இருக்கிறது என்ன பாறைன்னு கம்ப்யூட்டரைக் கணக்குப் போடச் சொன்னேன். பாருங்க, என் கோட்டுக்குள்ளயே சிவப்பு! வாயு நிறைஞ்ச மணல். ரெண்டு சாட்சியும் ஒரே இடத்தைச் சொல்லுது.”

அவர் முகத்தில் அவ்வளவு சந்தோஷம். பார்க்கவே பாவமாக இருந்தது.

“கணக்கைத் தொடங்க முதல்ல ஒரு உத்தேசம் குடுக்கணுமே. என்ன குடுத்தீங்க, சார்?”

“நான் போட்ட கோட்டைத்தான். அதுக்குள்ள வாயு இருக்கிற மாதிரி மதிப்பு வச்சேன்.”

மங்கையர்க்கரசி விசைப்பலகையைத் தன் பக்கம் இழுத்தார். ஜெரால்டு போட்ட கோட்டை உத்தேசத்திலிருந்து எடுத்தார். கீழே என்ன இருக்கிறதென்றே தெரியாதவர் கொடுப்பதுபோல் ஒன்றைக் கொடுத்து, கணக்கை மறுபடி ஓடவிட்டார். இருவரும் காத்திருந்தார்கள். டீ ஆறிப்போனது.

சிவப்பு வரவில்லை. பழைய ஆற்றின் வளைவு முடிகிற பக்கத்தில், ஜெரால்டு கோடு போடாத இடத்தில், வாயு இருக்கலாம் என்று காட்டும் வெளிறிய மஞ்சள் மட்டும் கொஞ்சம் தெரிந்தது.

“போச்சா, மேடம்?”

“உங்க சிவப்பு போச்சு, சார். நீங்க குடுத்ததைத்தான் கணக்கு உங்ககிட்டயே திருப்பிக் குடுத்திருக்கு.”

ஜெரால்டு கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்த பிறகும் போட்டுக்கொள்ளவில்லை.

“கிணறு ரெண்டும் பொய்ச்ச பிறகு என்னோட ஒத்துப்போனது அந்தப் படம் ஒண்ணுதான், மேடம்.”

“அந்தப் படத்துல நீங்க ஒருத்தர்தான் இருந்தீங்க, சார்.” மங்கையர்க்கரசி திரையில் அந்த மஞ்சளைத் தொட்டார். “இது உங்களோட ஒத்துப்போகலை பாருங்க, இதுதான் ரெண்டாவது சாட்சி.”