குச்சி வைக்கக் கூடாத கூடுகள்

செங்கண்ணி என்ற செம்போத்து ஏரிக்கரையில் ஒரு தாழம்புதருக்குள் வசித்தாள். புதருக்குள் வெளிச்சம் அதிகம் வராது. ஆனால் இலைகளை விலக்கிப் பார்த்தால் ஏரியின் நடுத்திட்டு தெரியும்.

திட்டின்மேல் கருவேல மரங்கள் ஒரே இடைவெளி விட்டு வரிசையாக நின்றன. மரத்துக்கு மரம் நாரைகளின் கூடுகள். எல்லாம் ஒரே உயரம், ஒரே அகலம். ஒன்றின் நிழல் இன்னொன்றின்மேல் விழாது. எந்தக் கிளையில் எந்தக் குடும்பம், குஞ்சுகள் இறக்கை பழக எந்தப் பக்கம் என்று நாரைகள் முன்பே பேசி முடிவுசெய்து அமைத்த குடியிருப்பு அது. அந்தச் சுற்றுவட்டாரத்தில் அதைவிட உயர்ந்த முகவரி கிடையாது.

செங்கண்ணி அதைப் பார்த்துப் பார்த்து ஏங்குவாள். அவள் இனத்தில் கூடு என்றால் புல்லையும் இலையையும் சுருட்டிப் புதருக்குள் பந்தாக வைப்பது. குஞ்சு பறந்ததும் மறந்துவிடுவது. நாரைகளின் கூடுகளோ ஆண்டுகள் போயும் முதல் நாள் பார்த்த மாதிரியே இருந்தன. ஒருமுறை கட்டி முடித்தால் மாறாமல் நிற்கும் வீடு! அதுதான் பெரிய இடத்து வாழ்வு என்று அவள் நினைத்தாள்.

ஒரு கோடையில் ஏரி வற்றியது. வடக்கே ஒரு பெரிய ஏரியில் மீன் துள்ளுகிறது என்று சேதி வந்தது. நாரைகள் இந்த ஆண்டு அங்கே போய் இருந்து பார்ப்பது என்று முடிவெடுத்தன. கூடுகளைக் காலியாக விட்டால் காக்கைகள் பிரித்துக்கொண்டு போய்விடும் என்ற கவலை மட்டும் இருந்தது. அப்போதுதான் செங்கண்ணி கரையிலிருந்து தத்தித் தத்திப் பறந்து வந்தாள். நல்ல குடும்பங்களாகப் பார்த்துக் குடிவைப்பதாகவும், எல்லாவற்றையும் தானே மேற்பார்வை செய்வதாகவும் சொன்னாள்.

மூத்த நாரை நெட்டையார் அவளை மேலும் கீழும் பார்த்தார். புதர்வாசியிடம் ஒப்படைப்பதில் அவருக்குத் தயக்கம்தான். ஆனால் வேறு யாரும் முன்வரவில்லை.

"நாங்க திரும்பி வர்றப்ப எல்லாம் வச்சது வச்சபடி இருக்கணும்" என்றார்.

"ஒரு குச்சி மாறாது, ஐயா" என்றாள் செங்கண்ணி.

அன்று முதல் அவள் வரிசையின் நடுமரத்தில், உச்சிக் கிளையில் உட்கார்ந்தாள். அவ்வளவு உயரத்தில் அவள் அதுவரை உட்கார்ந்ததே இல்லை. கரையிலிருந்து மற்றச் செம்போத்துகள் அண்ணாந்து பார்த்தன. அந்தப் பார்வை அவளுக்கு வேண்டியிருந்தது.

ஐப்பசியில் மழை வந்து ஏரி நிரம்பியது. குடிவர விரும்பிய பறவைகள் வந்து நின்றன. செங்கண்ணி ஒவ்வொருவரையும் விசாரித்தாள். கூச்சல் போடுவீர்களா, உறவினர் அடிக்கடி வருவார்களா, எச்சத்தை எந்தப் பக்கம் போடுவீர்கள் என்றெல்லாம் கேட்டாள். காக்கைகளை வாசலிலேயே திருப்பி அனுப்பினாள். கொக்குகளுக்கும் நீர்க்காகங்களுக்கும் இடம் கிடைத்தது. வரிசையின் கடைசி மரத்தில் ஒரு வக்காத் தம்பதிக்கு இடம் கொடுத்தாள். மனைவி பெயர் இருளாயி, கணவன் பெயர் மாயாண்டி. இரவில் மீன் பிடித்து விடியலில் வீடு திரும்பும் இனம். வம்பு தும்பு இல்லாதவர்கள். வாடகையாகத் தவளையோ நத்தையோ கொண்டுவந்து வைத்துவிட்டு, நிமிர்ந்துகூடப் பார்க்காமல் போவார்கள்.

விதிகள் நிறைய இருந்தன. நீர்க்காகங்கள் குளித்துவிட்டு வந்து இறக்கைகளை விரித்துக் காயவைப்பது வழக்கம். தூரத்திலிருந்து பார்த்தால் துணி காயப்போட்ட மாதிரி இருக்கிறது, குடியிருப்பின் தோற்றமே கெடுகிறது என்று செங்கண்ணி அதைத் தடுத்தாள். முத்தாண்டி என்ற நீர்க்காகம் வாய்த்துடுக்கு உள்ளவன்.

"மேனேஜரம்மா, உள்ளுக்குள்ள ஈரமா இருக்கலாமா, அதுக்கும் நாரை ஐயாகிட்ட கேட்கணுமா?" என்று கேட்டான். பக்கத்து மரங்களில் சிரிப்பு கேட்டது. செங்கண்ணி சிரிக்கவில்லை.

விதிகளில் தலையாயது ஒன்று. கூட்டில் ஒரு குச்சியை எடுக்கக் கூடாது, ஒரு குச்சியை வைக்கவும் கூடாது.

இதில்தான் சங்கடம் வந்தது.

வக்காக்களிடம் ஒரு பழக்கம் உண்டு. கணவன் வீடு திரும்பும்போது வாயில் ஒரு குச்சியோடு வருவான். கிளையில் இறங்கித் தலை தாழ்த்துவான். உச்சந்தலையின் வெள்ளைத் தூவிகள் இரண்டும் சிலிர்த்து நிற்கும். மனைவி எழுந்து அந்தக் குச்சியை வாங்கி, கூட்டில் எங்கே இடம் இருக்கிறதோ அங்கே செருகுவாள். பிறகுதான் பேச்சு. அவர்களுக்கு அது 'வந்துட்டேன்', 'வாங்க' என்று சொல்லிக்கொள்வது போல. மாயாண்டி குடிவந்த மறுநாள் விடியலிலேயே அப்படி ஒரு குச்சியோடு வந்து இறங்கினான்.

உச்சிக் கிளையிலிருந்து குரல் வந்தது. "வாயில என்ன அது?"

மாயாண்டியால் பதில் சொல்ல முடியவில்லை. வாயைத் திறந்தால் குச்சி விழுந்துவிடும். விதியை அவள் எடுத்துச் சொன்னதும் வாயைத் திறந்தான். குச்சி தண்ணீரில் விழுந்து மிதந்து போயிற்று.

அதற்குப் பிறகு அவன் வெறும் வாயோடு வந்தான். வந்தவன் யாரோ என்று நினைத்து இருளாயி முதல் நாள் கொத்திவிட்டாள். மறுநாள் கொத்தவில்லை, எழுந்து வரவேற்கவும் இல்லை. என்ன செய்வதென்று தெரியாமல் இருவரும் கொஞ்ச நேரம் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். பிறகு அவள் கிளைக்கு நகர, அவன் கூட்டில் இறங்கினான்.

கார்த்திகை பிறந்தபோது கூட்டில் முட்டைகள் இருந்தன. வெளிர் நீலமும் பச்சையும் கலந்த நிறம். காற்று நாள்தோறும் கூட்டை அசைத்தது. அசைவில் ஒரு குச்சி நழுவும், இன்னொன்று இளகும். முன்பெல்லாம் நழுவிய இடத்தில் மாலைக்குள் ஒன்று வந்து உட்கார்ந்துவிடும். இப்போது எதுவும் வரவில்லை. ஒரு காலை இருளாயி முட்டைகளைப் புரட்டக் குனிந்தபோது, அவற்றின் இடுக்கில் ஏரித் தண்ணீர் மின்னுவதைப் பார்த்தாள்.

அவள் நடுமரத்துக்குப் பறந்து வந்தாள். வக்காக்கள் பகலில் வெளியே வருவதில்லை. வெயில் கூசியதால் கண்ணைச் சுருக்கிக்கொண்டு நின்றாள்.

"அம்மா, கூட்டுக்கு அடி மெலிஞ்சு போச்சு. நாலு குச்சி வச்சுக்கிறேன். ஐயா வந்ததும் நானே எடுத்துடறேன்."

செங்கண்ணி வந்து பார்த்தாள். கிளையில் நடந்து சுற்றிவந்தாள். கூடு மெலிந்திருப்பது உண்மைதான். நாரைகள் குடும்பத்தோடு இருந்த கூடு, ஆண்டுக்கணக்கில் ஆடாத கூடு, இந்தச் சின்ன வக்காவிடம் வந்ததும் மெலிந்துவிட்டது. அவளுக்கு ஒரே ஒரு காரணம்தான் தோன்றியது. இவர்களுக்குப் பெரிய வீட்டில் புழங்கத் தெரியவில்லை.

"பதமா உட்காரணும்மா. பொத்துன்னு உட்கார்ந்தா எந்தக் கூடுதான் தாங்கும்?" என்றாள். வேண்டுமானால் உரிமையாளருக்குச் சொல்லி அனுப்புவதாகவும், பதில் வரும்வரை எதையும் தொடக் கூடாது என்றும் சொன்னாள். சொன்னபடியே வடக்கே பறந்த ஓர் ஆலாப் பறவையிடம் சேதியும் சொன்னாள். ஆலா போனது போனதுதான்.

பதிலுக்குக் காத்திருந்த நாள்களில் மேகம் கறுத்துக்கொண்டு வந்தது. இருளாயி கூட்டைவிட்டு நகரவே இல்லை. இறக்கைகளைச் சற்றே விரித்து, தன் எடையைக் கிளைமேல் சாய்த்து உட்கார்ந்திருந்தாள். மாயாண்டிதான் அவளுக்கும் சேர்த்து மீன் கொண்டுவந்தான். ஒரு விடியலில், செங்கண்ணி கண் விழிக்கும் முன், ஒரு குச்சியும் கொண்டுவந்தான். அவன் தலை தாழ்த்தினான். இருளாயி எழுந்து வாங்கிக்கொண்டாள். வெகுநாளுக்குப் பிறகு இருவரும் மெதுவாகப் பேசிக்கொண்டது பக்கத்துக் கூடுகளுக்குக் கேட்டது.

குச்சி பச்சையாக இருந்தது. கூட்டின் மற்றக் குச்சிகளெல்லாம் வெயிலில் வெளுத்தவை. காலைச் சுற்றில் வந்த செங்கண்ணியின் சிவந்த கண் நேரே அதன்மேல் விழுந்தது.

அவள் கோபப்படவில்லை. கோபப்படுவது தன் பதவிக்கு அழகில்லை என்று நினைத்தாள்.

"எடுத்துடு" என்றாள்.

"காத்து வரப்போகுதும்மா. இன்னைக்கு ஒரு நாள் இருக்கட்டும்."

"இன்னைக்கு ஒண்ணு. நாளைக்கு நாலு. அப்புறம் இது அவங்க வீடா, உங்க வீடா? எடு."

இருளாயி எடுக்கவில்லை. முட்டைகளின்மேல் இன்னும் தாழ்ந்து உட்கார்ந்தாள். செங்கண்ணி கிட்டே வந்து, பச்சைக் குச்சியைத் தன் அலகால் பற்றி இழுத்தாள். அது வந்தது. அதோடு இரண்டு பழைய குச்சிகளும் வந்தன. பழையவற்றை அவள் மறக்காமல் திரும்பச் செருகினாள். அவை முன்போல் பிடித்துக்கொள்ளவில்லை, சும்மா படுத்துக்கிடந்தன. பார்வைக்கு எல்லாம் பழையபடி ஆகிவிட்டது. அவள் திருப்தியோடு தன் கிளைக்குத் திரும்பினாள்.

பிற்பகலில் காற்று வந்தது.

பெரிய புயல் ஒன்றுமில்லை. ஆண்டுதோறும் கார்த்திகையில் வரும் காற்றுதான். கடைசி மரத்தில் கூடு ஒரு பக்கம் சரிந்தது. மாயாண்டி பாய்ந்து வந்து தன் முதுகைக் கொடுத்துத் தாங்கிப் பார்த்தான். இருளாயி இறக்கைகளை அகல விரித்தாள். கூடு அவள் காலடியிலேயே பிரிந்தது, கைப்பிடி மணல் பிரிவது போல. முட்டைகள் ஒன்றன்பின் ஒன்றாக ஏரியில் விழுந்தன. அலைச் சத்தத்தில் அவை விழுந்த சத்தம் யாருக்கும் கேட்டிருக்காது.

செங்கண்ணி நேரே தண்ணீரின் விளிம்புக்கு இறங்கினாள். மிதந்த பழைய குச்சிகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கிச் சேர்த்தாள். எல்லாம் கிடைத்தால் திரும்ப அடுக்கிவிடலாம் என்று அவளுக்கு ஓர் எண்ணம். நிமிர்ந்து பார்த்தபோது இருளாயி வெறும் கிளைக்கவட்டில் உட்கார்ந்திருந்தாள். அடைகாப்பது போலவே உட்கார்ந்திருந்தாள். அடியில் ஒன்றும் இல்லை.

"காத்து ஓஞ்சதும் ஐயாகிட்ட பேசி ஏற்பாடு பண்றேன்" என்றாள் செங்கண்ணி.



மறுநாள் கடைசி மரம் காலியாக இருந்தது. அடுத்த நாள் கொக்குகள் போயின. முத்தாண்டி போகும்போது மட்டும் நடுமரத்தில் இறங்கினான். செங்கண்ணி ஏதோ கேலியை எதிர்பார்த்தாள். அவன் இறக்கைகளை முழுதாக விரித்து, ஈரம் காயும்வரை அவள் எதிரிலேயே நின்றான். பிறகு தன் குடும்பத்தை அழைத்துக்கொண்டு பறந்துபோனான்.

இனி யாரும் கூடுகளைத் தொடப்போவதில்லை. பொத்தென்று உட்காரவும் ஆளில்லை. அதுவும் ஒருவகையில் நல்லதுதான் என்று அவள் தன்னைத் தேற்றிக்கொண்டாள். காக்கைகள் வராமல் காவல் காத்தாள். காக்கைகள் வரவில்லை. ஆனாலும் கூடுகள் குறைந்தன. ஒரு காலை இங்கே ஒரு விளிம்பு இருக்காது. ஒரு மாலை அங்கே ஒரு பக்கம் தொங்கும். யாரும் தொடாத வீடு எப்படிக் கலைகிறது? அவளுக்குப் புரியவில்லை. மரத்துக்கு மரம் பறந்து பார்த்தாள். காற்று இல்லாத நாளிலும் எங்கோ ஒரு குச்சி தண்ணீரில் விழும் சத்தம் கேட்டது.

தை மாதத்தில் நெட்டையார் வந்தார். வடக்கு ஏரி ஒத்துவரவில்லை. மற்றவர்கள் பின்னால் வர, அவர் முந்திக்கொண்டு வந்தார். வரிசை மரங்களின்மேல் ஒருமுறை வட்டமடித்தார். மரங்கள் இருந்தன. இடைவெளிகளும் அளவு பிசகாமல் இருந்தன. கூடுகள் இல்லை. அவர் தன் பழைய கிளையில் இறங்கினார்.

அவர் வாயில் ஒரு குச்சி இருந்தது.

செங்கண்ணி அதைப் பார்த்தாள். சேகரித்துவைத்திருந்த சமாதானங்களெல்லாம் மறந்துபோயின. "இது எதுக்கு ஐயா?" என்று மட்டும் கேட்டாள்.

நெட்டையார் குச்சியைக் கவனமாகக் கவட்டில் வைத்தார். அதைத் தாங்கிக்கொள்ள அங்கே வேறு குச்சி இல்லை. அது நழுவி விழுந்தது.

"எதுக்கா? வீட்டுக்கு வர்றவங்க வெறும் வாயோடயா வருவாங்க?" என்றார். "நாங்க எல்லாரும் வர்றப்ப ஒண்ணு கொண்டாருவோம். காத்து ஒண்ணு எடுக்கும், நாங்க ஒண்ணு வைப்போம். அப்படித்தானே இத்தனை வருஷமும் நின்னுது. இங்க இருந்தவங்க யாரும் வைக்கலையா?"

"வச்சாங்க."

"அப்புறம்?"

"நான்தான் எடுத்தேன்."

 இப்படி ஒன்றைச் சொல்லித்தர வேண்டியிருக்கும் என்று நெட்டையாருக்குத் தோன்றியதே இல்லை. மூச்சு விடச் சொல்லி யாரும் யாரிடமும் சொல்லிவிட்டுப் போவதில்லையே. அவர் ஒன்றும் திட்டவில்லை. மற்ற நாரைகள் களைப்போடு வந்துகொண்டிருந்தன. இறங்க இடம் பார்க்க வேண்டியிருந்தது. அவர் பறந்துபோய்த் தொலைவில் வேறு ஒரு திட்டின் மேல் வட்டமடித்தார். கூட்டம் அவர் பின்னால் திரும்பியது.

செங்கண்ணி அந்திவரை கிளையில் இருந்தாள். பிறகு கடைசி மரத்துக்குப் போய், இருளாயி உட்கார்ந்திருந்த கவட்டில் கொஞ்ச நேரம் நின்றாள். கீழே தண்ணீர் தெளிவாக இருந்தது. இருட்டுவதற்குள் அவள் தாழம்புதருக்குத் திரும்பிவிட்டாள். அதன் பின் அவள் இலைகளை விலக்கித் திட்டைப் பார்த்ததில்லை.

குடியிருப்பவரின் கையைத் தட்டிவிட்டு வீட்டைக் காக்க நினைப்பவர், குடியிருப்பவரையும் இழப்பார், வீட்டையும் இழப்பார்.