மஞ்சவாடி ஏற்றத்தில் குரூஸ் கண்ட்ரோல்

அரூரில் திலகவதி அக்கா வீட்டு மாடியில் தியானம் பழக வருகிறவர்களில் பூவராகன்தான் வயதில் மூத்தவர். அக்காவைவிடவும் ஏழெட்டு வயது பெரியவர். இருந்தாலும் எல்லாரையும்போல அவரும் அவளை அக்கா என்றே கூப்பிடுவார். அவள் அதை மறுத்ததில்லை.

ஒரு நாள் தியானம் முடிந்து பாய்களைச் சுருட்டிக்கொண்டிருந்த நேரத்தில் அவர் கேட்டார்.

"அக்கா, கார்ல குரூஸ் கண்ட்ரோல் போட்டு ஓட்டினா பெட்ரோல் மிச்சமாகுமா, கூடச் செலவாகுமா?"

இரண்டொருவர் சிரித்தார்கள். நில அளவைத் துறையிலிருந்து ஓய்வுபெற்றபோது கிடைத்த பணத்தில் அவர் வாங்கிய கார் அது. ஸ்டியரிங்கில் ஒரு பொத்தான் இருக்கும். அதை அமுக்கினால், அப்போது என்ன வேகமோ அதே வேகத்தில் வண்டி போய்க்கொண்டிருக்கும். காலுக்கு வேலையில்லை. பிரேக்கைத் தொட்டால்தான் விட்டுவிடும்.

மிச்சம்தான் என்றார் வங்கியில் இருந்த சம்பந்தம். மனிதன் கால் சும்மா இருக்காது, மிதிக்கும், விடும், மறுபடி மிதிக்கும், இயந்திரத்துக்கு அந்தப் பதற்றம் இல்லை என்பது அவர் கட்சி. ஜெராக்ஸ் கடை தாவூத் ஒப்புக்கொள்ளவில்லை. அவர் மச்சான் வண்டியில் அதைப் போட்டால் குடம் குடமாகக் குடிக்கிறதாம். பூவராகன் தானே சோதித்தும் பார்த்திருந்தார். ஊத்தங்கரைக்குப் போனபோது மைலேஜ் கூடியது. இன்னொரு நாள் அதே சாலையில் அதே பொத்தானைப் போட்டபோது குறைந்தது. காற்றா, டயரா, தானா என்று தெரியவில்லை. தெரியாமல் இருப்பது அவருக்குத் தூக்கத்தைக் கெடுத்தது.

அக்கா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "கனகவல்லி ஏதாவது சொன்னாங்களா?" என்றாள்.

கேள்விக்கும் அதற்கும் என்ன தொடர்பு என்று அவருக்குப் புரியவில்லை. சொன்னாள் என்றார். ஒரு தடவை நேரில் வாங்க, வந்தால் திரும்பி வருகிறேனா இல்லையா என்று சொல்கிறேன் என்றாளாம். அவ்வளவுதான். நாளைக்குப் போவதாக இருந்தார்.

"நானும் வர்றேன்" என்றாள் அக்கா. "உங்க கேள்வியை வழியில பார்த்துக்கலாம்."

கனகவல்லி அவர் மனைவி. சேலத்துக்குப் பக்கத்தில் அயோத்தியாப்பட்டணத்தில் தம்பி வரதராஜன் வீட்டில் இருந்தாள். போய்ச் சில மாதங்கள் ஆகியிருந்தன.

அக்கா வீட்டு மாடியில் ஒரு வழக்கம் உண்டு. உட்காரும் முன் எல்லாரும் செல்போனை மூலையில் இருக்கும் மூங்கில் கூடையில் போட்டுவிட வேண்டும். உட்கார்ந்தபின் அக்கா மணி அடிக்கும்வரை யாரும் எழக் கூடாது. மழை அடித்தாலும், கீழே அடுப்பில் பால் பொங்கினாலும் எழக் கூடாது. மார்பில் இருந்த கட்டியின் பரிசோதனை முடிவை வாங்கக் கனகவல்லி தனியாக ஆஸ்பத்திரிக்குப் போன நாளிலும் பூவராகன் மாடியில் உட்கார்ந்திருந்தார். தியானம் முடித்து வந்துவிடுகிறேன் என்று சொல்லியிருந்தார். கூடையிலிருந்து நாதஸ்வர இசை கேட்டது. மனைவியின் எண்ணுக்கு மட்டும் அவர் வைத்திருந்த இசை. நின்றது. மறுபடி கேட்டது. அவர் மூச்சைக் கவனித்துக்கொண்டிருந்தார். ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்றபடி, புற்று என்ற சொல்லைத் தனக்குத் தானே சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தாள் கனகவல்லி.

மணி அடித்தபின் அவர் அக்காவிடம் போய், "போன் வந்துச்சு, மனசு அசையலைக்கா" என்றார்.

"நல்லது" என்றாள் அக்கா.

மறுநாள் காலை கிளம்பினார்கள். அக்கா முன் சீட்டில் உட்கார்ந்தாள். ஊரைத் தாண்டியதும் புதிதாக அகலமாக்கிய சாலை வந்தது.

"போடுங்க உங்க பொத்தானை" என்றாள்.

அமுக்கினார். காலை எடுத்துப் பின்னால் மடக்கிக்கொண்டார். வண்டி வழுக்கிக்கொண்டு போனது. டாஷ்போர்டுத் திரையில் மைலேஜ் எண் மெல்லக் கூடியது. சம்பந்தம் சொன்னதுதான் சரி என்று அவருக்குத் தோன்றியது. அப்படியே சொன்னார்.

"சேலம் வரைக்கும் அதைத் தொடாதீங்க" என்றாள் அக்கா.

மஞ்சவாடிக் கணவாய்க்குச் சாலை ஏறத் தொடங்கியது. வேகம் மாறவில்லை. ஆனால் எஞ்சின் அடித்தொண்டையில் உறுமியது. கியர் தானாகக் கீழே இறங்கியது. கூடியிருந்த எண் சரசரவென்று குறைந்தது. இப்போது தாவூத் சொன்னது சரியாகிவிட்டது. வேகத்தைக் கொஞ்சம் விட்டுக் கொடுத்தால் வண்டி மூச்சு வாங்காது என்று பூவராகனின் காலுக்குத் தெரிந்தது. அவர் காலைத் திருப்பி மடக்கிக்கொண்டார்.

வளைவுக்கு அப்பால் ஒரு லாரி. சேலத்து ஜவ்வரிசி ஆலைக்கு மரவள்ளிக்கிழங்கு ஏற்றிக்கொண்டு, ஊர்ந்துகொண்டிருந்தது. வலப்பக்கம் ஒரு பேருந்து அதை முந்திக்கொண்டிருந்ததால் விலக வழியில்லை.

"அக்கா, லாரி."

"தெரியுது."

"பிரேக் போடட்டுமா?"

அவர் சாலையைப் பார்க்காமல் அக்கா முகத்தைப் பார்த்தார். அந்த முகத்தில் ஒன்றும் இல்லை. லாரியின் பின்பலகையில் எழுதியிருந்த எழுத்துகள் பெரிதாகிக்கொண்டே வந்தன. கடைசியில் அவர் கால் அவரைக் கேட்காமல் பிரேக்கை அழுத்தியது. வண்டி குலுங்கி நின்றது. லாரியின் உச்சியிலிருந்து ஒரு கிழங்கு உருண்டு, பானெட்டின் மேல் தொப்பென்று விழுந்தது.

லாரி போய்விட்டது. அவர் வண்டியை ஓரம் கட்டினார்.

"நீங்கதான் தொடாதீங்கன்னு சொன்னீங்க."

"நான் சொன்னா?"

அவருக்குக் கோபம் வந்தது. இத்தனை நாளில் அக்காவிடம் அவருக்குக் கோபம் வந்தது அதுவே முதல் தடவை.

"அன்னிக்கும் நீங்கதான் சொன்னீங்க. மணி அடிக்கிற வரைக்கும் எழுந்திருக்கக் கூடாதுன்னு. அசையலைன்னு வந்து சொன்னேன். நல்லதுன்னீங்க."

"ஆமா" என்றாள் அக்கா. "சொன்னேன்."

இறங்கிப் போய் அந்தக் கிழங்கை எடுத்து மண்ணைத் துடைத்து மடியில் வைத்துக்கொண்டாள். அவர் காத்திருந்தார். அவள் தன் தவற்றை ஒப்புக்கொண்டாளா, அல்லது அவருடையதைக் காட்டினாளா? அவரால் பிரித்துப் பார்க்க முடியவில்லை. இரண்டும் ஒன்றாகத்தான் இருக்குமோ என்று தோன்றியது. அது இன்னும் குழப்பியது. இதைக் கண்டுபிடித்துவிட்டால் கனகவல்லியிடம் என்ன சொல்வது என்பதும் தெரிந்துவிடும்போல இருந்தது. சாலையோரத்தில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தார்கள். பத்து மணிக்கு வருவதாகச் சொல்லியிருந்தார். பத்து தாண்டிவிட்டது.

பிறகு அவர் பொத்தானைப் போடாமலே ஓட்டினார். உச்சியைக் கடந்து சாலை இறங்கியது. மிதியிலிருந்து காலை எடுத்தார். திரையில் எண் ஏறிக்கொண்டே போய், அதற்கு மேல் காட்ட இடமில்லாமல் நின்றது.

"இப்ப மிச்சமாகுது" என்றாள் அக்கா. "பொத்தானும் போடல. நீங்களும் ஒண்ணும் செய்யல."

"அப்ப ஏத்தத்துல போடக் கூடாது, சமதரையில போடலாம், இறக்கத்துல தேவையே இல்லை. அப்படித்தானே?"

"எதிர்காத்து அடிச்சா?"

அவர் யோசித்தார். "அது தெரியலையே."

"எனக்கும் தெரியல" என்றாள்.

வரதராஜன் வாசலில் நின்றுகொண்டிருந்தார். சொன்ன நேரத்துக்குச் சரியாக வந்து நின்று மற்றவர்களை அவசரப்படுத்தும் மாமா இன்றைக்கு லேட்டா, சூரியன் மேற்கே உதித்ததா என்று கேட்டார். குரலில் சிரிப்பு இல்லை. உள்ளே வாருங்கள் என்றும் அவர் சொல்லவில்லை.

கனகவல்லியே வெளியே வந்தாள். தலையில் துண்டு சுற்றியிருந்தாள். துண்டுக்குள் முடி இல்லை என்பது தெரிந்தது. கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கணவனைப் பார்க்கவில்லை. அக்காவைப் பார்த்தாள்.

"அங்கே மணி அடிக்கிறது யாரு?"

"நான்தான்."

"அன்னிக்குப் போன் சத்தம் கேட்டுச்சா உங்களுக்கு?"

"கேட்டுச்சு."

"மறுபடியும் அடிச்சது?"

"அதுவும் கேட்டுச்சு. யாரோட போன்னும் தெரியும்."

கனகவல்லி இன்னும் ஏதோ வரும் என்று நின்றாள். அக்கா மன்னிப்புக் கேட்கவில்லை. விளக்கமும் சொல்லவில்லை. கிழங்கைக் கையில் பிடித்துக்கொண்டு, வகுப்பில் எழுந்து நிற்கச் சொன்ன பிள்ளைபோல நின்றாள்.

கனகவல்லி கணவன் பக்கம் திரும்பினாள்.

"மைலேஜ் எவ்வளவு கொடுத்துச்சு?"

எங்கே போய் வந்தாலும் செருப்பைக் கழற்றும் முன் அவர் முதலில் சொல்லும் செய்தி அதுதான். அவள் கேட்டது குத்தல் என்று அவருக்குத் தெரிந்தது. பதில் சொல்ல வாயைத் திறந்தபோதுதான் எண் நினைவில் இல்லை என்பதும் தெரிந்தது.

"பார்க்கல" என்றார்.

அவள் நம்பாமல் பார்த்தாள்.

"வழியில ஒரு கிழங்கு விழுந்துச்சு" என்றார். அதை ஏன் சொன்னார் என்று அவருக்கே தெரியவில்லை.

கனகவல்லி நடந்து வந்து பானெட்டைத் தடவினாள். "ஒடுங்கியிருக்கே. இதையும் பார்க்கலையா?"

"இல்ல."

அவள் சிறிது நேரம் அந்த ஒடுக்கின்மேலேயே விரலை வைத்திருந்தாள். வரதராஜன், அவசரப்படாதேக்கா என்று மெல்லச் சொன்னார்.

"முன் சீட்டுல நான் உக்காரணும்" என்றாள் அவள். "நிறுத்துன்னா நிறுத்தணும். ஏன்னு கேக்கக் கூடாது. எனக்குச் சரிப்படலைன்னா வரதன் வந்து கூட்டிக்கிட்டு வந்துடுவான். அப்பவும் ஏன்னு கேக்கக் கூடாது."

அவர் தலையசைத்தார். அவள் பையை எடுக்க உள்ளே போனாள்.

திரும்பும்போது அக்கா பின்னால் உட்கார்ந்தாள். ஏற்றம் தொடங்கும் இடத்தில் கனகவல்லி நிறுத்தச் சொன்னாள். இறங்கி வாந்தியெடுத்தாள். அவர் தண்ணீர் பாட்டிலைத் திறந்து பிடித்துக்கொண்டார். கொஞ்ச தூரத்தில் மறுபடி நிறுத்தச் சொன்னாள். இந்தத் தடவை வாந்தி இல்லை. சும்மா நின்று மலையைப் பார்த்தாள். அவர் ஏன் என்று கேட்கவில்லை. கேட்க வேண்டும்போல இருந்தது.

பிறகு அவள் ஜன்னல் கண்ணாடியில் தலையைச் சாய்த்துக்கொண்டாள். வளைவுகளில் தலை ஆடியது. அவர் வேகத்தைக் குறைத்தார். இன்னும் குறைத்தார். பின்னால் வந்தவர்கள் ஹாரன் அடித்து, திரும்பி முறைத்துவிட்டுப் போனார்கள். கிழங்கை இறக்கிவிட்டுக் காலியாகத் திரும்பிய லாரி ஒன்றுகூட அவரை முந்திப் போனது. திரையில் மைலேஜ் இதுவரை அவர் பார்த்திராத அளவுக்குக் கீழே போயிருந்தது. ஸ்டியரிங்கில் பொத்தான் கட்டைவிரலுக்குப் பக்கத்திலேயே இருந்தது.

உச்சியை நெருங்கும்போது அவர் பின்பக்கம் காட்டும் கண்ணாடியில் அக்காவைப் பார்த்தார்.

"அக்கா, கடைசி வரைக்கும் நீங்க பதில் சொல்லவே இல்லையே. இது மிச்சமா, செலவா?"

அக்கா முன்னால் குனிந்தாள்.

"மெதுவாப் பேசுங்க" என்றாள். "அவங்க தூங்குறாங்க."