குப்பைமேட்டில் போட்ட பிள்ளை

முன்னொரு காலத்தில், வாழைப்பழத் தோலில் வழுக்கி விழுந்த ராஜா ஒருவர் இருந்தார். குடிகளிடம் பிரியமானவர்தான்; ஆனால் கோபம் மட்டும் மூக்கு நுனியில் இருக்கும். நகர்வலம் போனவர் குதிரையை விட்டு இறங்கி நாலடி வைத்தார். ஐந்தாம் அடிக்குச் சாக்கடையில் உட்கார்ந்திருந்தார். எழுந்ததும் முதலில் கிரீடத்தைத் தேடினார். அடுத்து, இனி ஊரில் ஒரு துரும்புகூடக் கிடக்கக் கூடாது என்று உத்தரவு போட்டார்.

வரிமந்திரி திருமேனிநாதருக்குக் கேட்கவா வேண்டும்? எரிகிற வீட்டில் பிடுங்கியது லாபம் என்கிற ரகம் அவர். பொழுது சாய்வதற்குள் ஒரு சட்டம் எழுதி ராஜமுத்திரையும் வாங்கிவிட்டார். அரண்மனை முதல் குடிசை வரை எல்லாரும் கீழைவாசல் மேட்டில்தான் குப்பை கொட்ட வேண்டும். கொட்டினாலும் கொட்டாவிட்டாலும் வீட்டுக்கு மாதம் ஒரு பணம். போன ஐம்பது வருஷத்துப் பாக்கியும் உண்டு. மேட்டில் எது கண் இமைக்கும் நேரம் கிடந்தாலும் அது குப்பை. பணம் கட்டாத வீட்டுக் குப்பை, மேட்டைக் குத்தகை எடுத்தவருக்குச் சொந்தம். எடுத்தவர் யார் என்கிறீர்களா? சாட்சாத் திருமேனிநாதரேதான்!

ஏழை வீட்டில் ஏதய்யா குப்பை? தோலை ஆடு தின்கிறது, கழுநீரை மாடு குடிக்கிறது, சாம்பல் பாத்திரம் தேய்க்கப் போகிறது. இதைத்தான் சபையில் விகடம் பேசும் அம்பலவாணனும் கேட்டான். குப்பை இல்லாவிட்டால் என்ன, கொட்டும் உரிமை இருக்கிறதே, அந்த உரிமைக்குத்தான் பணம் என்றார் மந்திரி. அப்படியானால் மந்திரியார் யோசித்தாலும் யோசிக்காவிட்டாலும் யோசிக்கும் உரிமைக்கு ஒரு பணம் கட்டட்டும் என்றான் அம்பலவாணன். ராஜா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சட்டம் என்னவோ அப்படியேதான் இருந்தது. மந்திரிக்குத்தான் வயிறு எரிந்தது. இவர் வாய் திறந்தால் கொட்டாவி விடும் ராஜா, அந்தப் பயல் வாய் திறந்தால் சிரிக்கிறாரே என்று பல நாளாகவே அவருக்குப் பொருமல்.

ஒரு மாதம் போயிற்று. ஒருநாள் சுண்ணாம்புச் சூளையில் வேலை செய்யும் மருதாயி, தலைவிரிகோலமாகச் சபைக்குள் ஓடிவந்தாள். பின்னாலேயே குப்பைமேட்டு மணியக்காரர் கையில் ஒரு கைக்குழந்தையோடு வந்தார். குழந்தையின் இடுப்புக் கயிற்றில் ஓலைச்சீட்டு ஒன்று கட்டியிருந்தது.

விஷயம் இதுதான். பிறந்த பிள்ளைகள் தங்காமல் போனால், அடுத்த பிள்ளையைக் குப்பைமேட்டில் போட்டு எடுப்பது அந்த ஊர் வழக்கம். வேண்டாத பிள்ளை போலிருக்கிறது என்று எமன் திரும்பிப் பார்க்காமல் போய்விடுவானாம். பிறகு ஒருத்தி ஒரு முறம் தவிடு கொடுத்துப் பிள்ளையை வாங்கித் தாயிடமே கொடுப்பாள். மருதாயியும் அப்படித்தான் போட்டாள். தவிட்டோடு பக்கத்து வீட்டுக்காரி வருவதற்குள் மணியக்காரர் வந்துவிட்டார். இது பணம் கட்டாத வீட்டுக் குப்பை, குத்தகைதாரருக்குச் சொந்தம் என்று சீட்டைக் கட்டித் தூக்கிக்கொண்டார்.

"சாமி, ரெண்டு பிள்ளைய எமனுக்குக் குடுத்தேன். மூணாவதயாச்சும் காப்பாத்தலாம்னு குப்பையில போட்டேன். எமன் விட்டுட்டான், இந்த மணியக்காரரு விடமாட்டேங்கிறாரு," என்று மருதாயி மார்பில் அடித்துக்கொண்டாள். பால் கட்டிப்போய் அவள் ரவிக்கை நனைந்திருந்தது. குழந்தை பசியில் வீல் வீல் என்று கத்தியது.

அத்தனை நாளில் முதல் தடவையாக அம்பலவாணனுக்கு விகடம் எதுவும் வாயில் வரவில்லை. ராஜாவுக்கும் மனசு இளகத்தான் செய்தது. ஆனால் வைத்த முத்திரையை அழித்தால் ஊர் சிரிக்குமே!

மந்திரி இதுதான் சமயம் என்று எழுந்தார். எப்போதும் சட்டத்தை நையாண்டி செய்யும் அம்பலவாணனே அதில் ஓர் எழுத்துகூட மாறாமல் இந்தப் பிள்ளையை மீட்கட்டும் என்றார். முடியாவிட்டால் நாளை முதல் அவன் மேட்டில் துடைப்பம் பிடிக்கட்டும், பிள்ளையும் தம் மாட்டுத் தொழுவத்தில் வளரட்டும் என்றார். ராஜாவும் சரி என்றுவிட்டார்.

அம்பலவாணன் தலையைச் சொறிந்தபடி ராஜாவைப் பார்த்தான். ராஜா தம்மை அறியாமல் மூக்கைத் தடவிக்கொண்டிருந்தார். அந்த மூக்கில் பழைய துளை ஒன்று உண்டு. ஏன் என்பது ஊரறிந்த ரகசியம். சபையில் மட்டும் யாரும் வாயைத் திறப்பதில்லை. சொன்னால் தலை போகலாம். சொல்லாவிட்டால் பிள்ளை போய்விடும். போனால் போகிறது தலை என்று அவன் எழுந்து நின்றான்.

சட்டத்தில் யாருக்காவது விலக்கு உண்டா என்று மந்திரியிடம் பணிவாகக் கேட்டான். அரண்மனைக்கே கிடையாது என்றார் அவர். நாற்பது வருஷத்துக்கு முன் போட்டதும் சட்டத்தில் சேருமா? ஐம்பது வருஷம் என்று எழுதியிருக்கிறதே, படிக்கத் தெரியாதா? போட்ட உடனே எடுத்துவிட்டால்? கண் இமைக்கும் நேரம் கிடந்தாலும் குப்பை குப்பைதான். அதுவும் உங்களுக்கே சொந்தமா? எனக்கே சொந்தம், அதில் என்ன சந்தேகம் என்று மந்திரி மீசையை முறுக்கினார்.

"மகாராஜா," என்றான் அம்பலவாணன். "தங்களுக்கு முன் பிறந்த இளவரசர்கள் மூவர் தொட்டிலிலேயே போய்விட்டார்கள். நாலாவது பிள்ளையைத் தங்கள் தாயார் தம் கையாலேயே கீழைவாசல் மேட்டில் போட்டு எடுத்தார்கள், அதற்கு அடையாளமாக மூக்கும் குத்தினார்கள். அன்று அரண்மனை பணம் கட்டவில்லை. ஆகவே அந்தக் குப்பை மந்திரியாருக்குச் சொந்தம். அதோ, சிம்மாசனத்தில் இருக்கிறது. அவர் எடுத்துக்கொண்டு போகட்டும்."

ராஜா மெல்ல மந்திரியின் பக்கம் திரும்பினார்.

"திருமேனிநாதரே, நாம் குப்பையா?"

மந்திரி நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார். "ஐயோ மகாராஜா! மேட்டில் போட்டால் மட்டும் பிள்ளை குப்பையாகிவிடுமா? யாராவது அப்படிச் சொல்வார்களா?"

"சட்டம் எழுதியவரே சொல்லிவிட்டார், ஓர் எழுத்தும் மாறவில்லை," என்றான் அம்பலவாணன். குழந்தையை மணியக்காரர் கையிலிருந்து வாங்கி மருதாயி கையில் கொடுத்தான். அவள் சபை என்றும் பாராமல் அங்கேயே உட்கார்ந்து முந்தானையை மூடிப் பால் கொடுத்தாள். அழுகை நின்றது.

ராஜாவுக்குக் கண்ணில் நீர் தளும்பியது. கூடவே சிரிப்பும் பொத்துக்கொண்டு வந்தது. லாயத்திலிருந்து ஒரு முறம் தவிடு வரவழைத்து, அந்தப் பிள்ளையைத் தாமே விலைக்கு வாங்கித் தாயிடம் கொடுத்தார். அம்பலவாணனிடம் என்ன பரிசு வேண்டும் என்று கேட்டார். அந்தச் சட்டத்தை மந்திரியார் கையாலேயே குப்பைமேட்டில் போட வேண்டும் என்றான் அவன்.

ராஜாவோடு சபை, ஊர் எல்லாம் வேடிக்கை பார்க்கப் பின்னால் வந்தது. மந்திரி ஓலைக்கட்டைத் தலையில் சுமந்து கீழைவாசலுக்குப் போய் மேட்டில் தொப்பென்று போட்டார். மணியக்காரர் கடமை தவறாதவர். குனிந்து ஓலையைப் பார்த்தார், மந்திரியைப் பார்த்தார், கையை நீட்டினார்.

"ஐயா, உங்க வீட்டுல இன்னும் பணம் கட்டலையே?"

ராஜா சிரித்த சிரிப்பில் தலைப்பாகை அவிழ்ந்து விழுந்தது. முத்துமாலையைக் கழற்றி அம்பலவாணன் கழுத்தில் போட்டார். அந்த நாட்டில் அப்புறம் யாராவது குப்பைக்குக் காசு கேட்டு வந்தால், வீட்டுக்காரி பிள்ளையை இடுப்பில் தூக்கிக்கொண்டுதான் வாசலுக்கு வருவாளாம். வந்தவர் மறுபேச்சுப் பேசாமல் திரும்பிவிடுவாராம்.